தொழில் மாற்றிய நிலமும் நாம் எடுக்க வேண்டிய படமும்

(நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் மாலைப் பள்ளி ஆசிரியர்கள் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

இருபத்தைந்தாண்டு நிறைவு காணும் ஒரு கல்விச் சங்கத்தின் மேடையில் தேர்ச்சி விழுக்காடு பற்றியும், விடுதி பற்றியும், இட ஒதுக்கீடு பற்றியும் பேசுவது முறை. எங்களுக்கு முன் பேசிய பெரியோர்கள் அவற்றைக் குறைவறப் பேசிவிட்டார்கள். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் புகைப்படம். பிள்ளைகள் கைப்பேசியைக் கையில் எடுத்தாலே படிப்புக் கெடுகிறது என்று வருந்தும் பெற்றோர் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். அந்தக் கைப்பேசியிலுள்ள காமிராவுக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று கேட்கவே நாங்கள் வந்திருக்கிறோம். அந்த வேலை, தொழில்களால் மாறிவரும் நம் நிலத்தைப் படமெடுத்து வைப்பது.

கீழக்கரைக் கடற்கரையில் நின்று தெற்கே நோக்கி ஒரு படம் எடுத்தால் என்ன கிடைக்கும்? நீலக் கடல், இரண்டு வள்ளங்கள், தொலைவில் தீவின் பச்சைக் கோடு. அழகான படந்தான். ஆனால் அந்தப் படத்தில் இல்லாத ஒன்று உண்டு. மன்னார் வளைகுடாவில் பாம்பன் தொடங்கித் தூத்துக்குடி வரை 21 தீவுகள் எண்ணப்பட்டன. அவற்றுள் கீழக்கரைத் தொகுதியைச் சேர்ந்தவை முல்லி, வாலை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வாலிமுனை, ஆனைப்பார் என ஏழு. இவற்றில் பூவரசன்பட்டி இன்று கடலுக்கு மேல் இல்லை. தூத்துக்குடித் தொகுதியில் விலங்குசல்லியும் அவ்வாறே நீருள் மறைந்தது.

தீவு தானாகவா மறைந்தது? அலை அரித்தது உண்மை. கடல்மட்டம் உயர்ந்ததும் உண்மை. ஆனால் அலையின் வேகத்தைத் தாங்கித் தீவைக் காத்து நின்ற பவளப்பாறைகளைப் பல பத்தாண்டுகள் மனிதர் உடைத்தெடுத்தனர். அவை சுண்ணாம்பாயின, வீட்டுச் சுவராயின, கால்சியம் கார்பைடு போன்ற தொழில்களுக்கு மூலப்பொருளாயின. 1986-இல் தமிழக அரசு இப்பகுதியைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 1989-இல் இது உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001-இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பாறை உடைப்பு நின்றதோ 2005-ஆம் ஆண்டையொட்டித்தான். தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு 1986-இல் சுமார் 16 ஹெக்டேர் பரப்புடன் இருந்தது. 2014-இல் சுமார் 2 ஹெக்டேராகச் சுருங்கியது. 2015 முதல் அதன் முன்னே செயற்கைப் பாறைகளை இறக்கித்தான் எஞ்சியதைக் காத்து வருகிறார்கள்.

பூவரசன்பட்டி இருந்த இடத்தை இன்று படமெடுத்தால் நீர்தான் தெரியும். இழந்ததை இழந்த பிறகு படமெடுக்க இயலாது. இழப்பதற்கு முன் எடுத்த படம் ஒன்று இருந்தால்தான் பின்னர் எடுக்கும் படம் பேசும். இந்த ஓர் உண்மையின் மேல்தான் இன்றைய எங்கள் உரை முழுவதும் நிற்கிறது.

கடலை விட்டு நிலத்துக்கு வருவோம். இராமநாதபுரம் மாவட்டத்தில் தொழிலே இல்லை என்று பலர் சொல்வதுண்டு. ஆலைப் புகைபோக்கி இருந்தால்தான் தொழில் என்று எண்ணுவதால் வரும் பிழை இது. 1974-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு உப்பு நிறுவனம் வாலிநோக்கம், மாரியூர்ப் பகுதிகளில் உப்பளங்களை அமைத்தது. அதே வாலிநோக்கத்தில் 1980-களில் பழைய கப்பல்களை உடைக்கும் தொழிலும் நடைபெற்றது. வெளியிலிருந்து வந்து பரவிய சீமைக் கருவேலம் கண்மாய்களையும் தரிசுகளையும் மூடியது. அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டு வாழும் குடும்பங்கள் இம்மாவட்டமெங்கும் உள்ளன. 2016-இல் கமுதி அருகே 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் அமைந்தது. அது பரந்திருப்பது சுமார் 2,500 ஏக்கர். புகை இல்லாத தொழிலும் நிலத்தை மாற்றத்தான் செய்கிறது.

இவற்றையெல்லாம் தீமை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. உப்பளம் நம்மவர் பலருக்குக் கூலி தந்தது. கரிமூட்டம் வானம் பொய்த்த ஆண்டுகளில் அடுப்பெரிய வைத்தது. சூரிய ஒளியில் மின்சாரம் எடுப்பதை எவரும் குறை கூறார். எங்கள் கேள்வி வேறு. அந்த இடங்களில் முன்பு என்ன இருந்தது? எந்த வழியாக யார் நடந்தார்? எந்த ஊருணியில் யார் நீர் மொண்டார்? பட்டா வைத்திருப்போர்க்கு இக்கேள்விகளுக்கு விடை பத்திரத்தில் இருக்கிறது. பட்டா இல்லாத நமக்கு விடை பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. அந்தப் பெரியவர்களும் ஆண்டுக்கு ஒருவராக மறைந்து வருகிறார்கள்.

எங்கள் சொந்த ஊரில் நிகழ்ந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஊரின் பெயரும் எதிர்த்தரப்பாரின் பெயரும் வேண்டா.

எங்கள் தெருவிலிருந்து கடலோரச் சுடுகாட்டுக்கு ஒரு பாதை இருந்தது. ஊராரின் பாதை வேறு, சுடுகாடும் வேறு என்பதை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு கோடையில் அப்பாதையின் குறுக்கே ஒரு தனியார் உப்பளத்தின் கரை எழும்பியது. பாதை பாத்திக்குள் போயிற்று. அடுத்து வந்த ஐப்பசி மழையில் ஒரு மூதாட்டியின் உடலை முழங்காலளவு உப்புநீரில் சுமந்து சென்றோம். சுமந்தவர்களுள் இருவரின் காலில் ஏற்பட்ட புண் ஆற ஒரு மாதம் ஆயிற்று.

மனு எழுதினோம். அலுவலகத்தில் கேட்ட கேள்வி ஒன்றே: "பாதை இருந்ததற்கு ஆதாரம் என்ன?" பதிவேட்டில் அந்த இடம் புறம்போக்கு என்று மட்டும் இருந்தது, பாதை என்ற சொல் இல்லை. வயதானவர்கள் சாட்சி சொன்னார்கள். அவர்கள் வேண்டியவர்கள் என்று ஒதுக்கப்பட்டார்கள்.

அப்போதுதான் வீடு வீடாகப் பெட்டிகளைத் திறந்தோம். பல வீடுகளில் படம் இருந்தது. திருமணப் படம், காதுகுத்துப் படம், பள்ளியில் எடுத்த குழுப்படம். சட்டமிட்டு மாலை சூட்டிய அண்ணல் அம்பேத்கரின் படம் எல்லா வீட்டிலும் இருந்தது. நம் மண்ணின் படம் மட்டும் எந்த வீட்டிலும் இல்லை. ஆள் நின்றால்தான் படம் என்று நாம் பழகியிருந்தோம்.

கடைசியில் ஒரு வீட்டில், தகரப் பெட்டியின் அடியில், ஒரு சாவு ஊர்வலப் படம் கிடைத்தது. வளைகுடா நாட்டில் வேலையிலிருந்த மகன் தந்தையின் இறுதிச் சடங்குக்கு வர இயலவில்லை. அவனுக்கு அனுப்புவதற்காக எடுத்த படம் அது. முன்னே பறையடிப்போர், நடுவே பாடை, பின்னே இரட்டைப் பனை. பாடையைச் சுமந்தோர் நிற்பது நல்ல அகலமான மண்பாதையில். படத்தின் மூலையில் காமிராவே பொறித்த தேதி செம்மஞ்சள் எழுத்தில் இருந்தது, ஆண்டு 1998.

காமிராவின் தேதி தவறாக இருக்கலாமே என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. நியாயமான வாதந்தான். ஆனால் இறந்தவரின் இறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்தபோது, மறுநாள் அடக்கம் என்ற கணக்கில் இரண்டும் பொருந்தின. நில அளவர் வந்தார். இரட்டைப் பனை அப்போதும் நின்றது. படமெடுத்தவர் நின்றிருக்கக்கூடிய இடத்தில் அவரை நிறுத்திப் படத்தைக் கையில் கொடுத்தோம். அவர் படத்தைப் பார்த்தார், பனையைப் பார்த்தார், காலடியிலிருந்த கரையைப் பார்த்தார். சில மாதங்களில் கரையின் ஒரு பகுதி வெட்டப்பட்டது. பழைய அகலம் கிடைக்கவில்லை. ஆயினும் பாடை செல்லுமளவு பாதை கிடைத்தது.

இந்த வெற்றியில் எங்களுக்குப் பெருமையைவிட அச்சமே மிகுதி. ஒரு மகன் வெளிநாட்டில் இருந்ததாலும், எவரோ தேதியெழுதும் காமிராவைக் கொண்டுவந்ததாலும், பனை வெட்டப்படாமல் நின்றதாலும் பாதை மீண்டது. இம்மூன்றில் ஒன்று தவறியிருந்தால் நாம் இன்னும் உப்புநீரில்தான் நடந்துகொண்டிருப்போம். நம் உரிமை தற்செயலை நம்பி நிற்கலாமா?

மாறிய நிலத்தைப் படமெடுப்பது உலகெங்கும் ஒரு பெருங்கலையாக வளர்ந்திருக்கிறது. அதன் வரலாற்றை நம் மாணவர் சிறிது அறிந்துகொள்ளுதல் நலம். நம் நாட்டில் 1858-இல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய அலுவலர் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களைச் சென்னை அரசுக்காகப் படமெடுத்தார். அக்காலத்துக் காமிராவுக்கு நெடுநேர ஒளி வேண்டும். அசையும் மனிதர் படத்தில் பதியமாட்டார். ஆகவே கோபுரங்களும் தெருக்களும் ஆளரவமற்று நிற்கின்றன. 1975-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் மனிதன் மாற்றிய நிலப்பரப்பு என்னும் பொருளில் ஒரு புகழ்பெற்ற கண்காட்சி நடந்தது. கிடங்குகளும் புதிய குடியிருப்புகளும் ஆலைக் கட்டடங்களும் அதில் இடம்பெற்றன. அழகிய மலையும் அருவியும் மட்டுமே நிலக்காட்சி என்ற எண்ணத்தை அது மாற்றியது. அந்தப் படங்களிலும் மனிதர் அரிதே.

கனடா நாட்டவரான எட்வர்டு பர்டின்ஸ்கி சுரங்கங்களையும் உப்பளங்களையும் உயரத்திலிருந்து படமெடுத்தவர். குஜராத்தின் கட்ச் பகுதி உப்புப் பாத்திகள் அவர் படத்தில் நெய்த சேலை போல் விரிகின்றன. பிரேசில் நாட்டில் பிறந்து 2025-இல் மறைந்த செபஸ்தியாவ் சல்காடோ வேறு வழியில் சென்றார். தன்பாத் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரையும் வங்கதேசத்தில் கப்பல் உடைப்போரையும் அவர்கள் முகம் தெரியப் படமெடுத்து, 1993-இல் தொழிலாளர் பற்றிய பெருநூலாக வெளியிட்டார். முன்னவர் படத்தில் நிலம் தெரிகிறது, ஆள் புள்ளியாகிறார். பின்னவர் படத்தில் ஆள் தெரிகிறார், ஆனால் பெரும்பாலும் பெயரில்லை. இருவரையும் நாங்கள் மதிக்கிறோம். ஆனால் வாலிநோக்கத்து வெயிலில் உப்பு வாரும் ஒரு தாய்க்கு அவர்தம் படம் எவ்வாறு பயன்படும் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

படம் மக்களுக்குப் பயன்பட்ட வரலாறும் உண்டு. ஜப்பானின் மினமாட்டா என்னும் மீனவ ஊரில் சிஸ்ஸோ ஆலையின் பாதரசக் கழிவு கடலில் கலந்து, மீன் வழியாக மக்களை முடமாக்கியது. யூஜின் ஸ்மித்தும் அவர் மனைவி அய்லீனும் 1971 முதல் 1974 வரை அவ்வூரிலேயே தங்கிப் படமெடுத்தனர். போராட்டத்தின்போது ஸ்மித் கடுமையாகத் தாக்கப்பட்டார். அவர்கள் எடுத்தவற்றுள், நோயுற்ற மகளைத் தாய் நீராட்டும் படம் உலகையே உலுக்கியது. பின்னாளில், இறந்துபோன தம் மகளை இனி ஓய்வெடுக்க விட வேண்டும் எனப் பெற்றோர் விரும்பியபோது, 1998-இல் அய்லீன் அப்படத்தின் மீதான முடிவுரிமையை அவர்களிடமே ஒப்படைத்தார். படமெடுக்கும் துணிவோடு படத்தைத் திருப்பித் தரும் நேர்மையும் வேண்டும் என்பது அதிலிருந்து நாம் கற்கும் பாடம்.

நம் தமிழ்நாட்டிலும், மதுரையில் மீன் விற்ற தாயின் மகனான மு. பழனிக்குமார் துப்புரவுத் தொழிலாளரையும் இம்மாவட்டத்துக் கடற்பாசி எடுக்கும் பெண்களையும் படமெடுத்து அறியப்பட்டார். எளிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் காமிராவைக் கற்பித்தும் வருகிறார். நம் பிள்ளைகளுக்கு இது எட்டாத கனி அன்று.

இக்காலத்தில் செயற்கைக்கோள் வானிலிருந்து எல்லாவற்றையும் பார்க்கிறதே, நாம் வேறு எடுக்க வேண்டுமா என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. 1972-இல் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஏவப்பட்டது. 2008 முதல் அப்படங்களை எவரும் கட்டணமின்றிப் பெறலாம். உப்பளம் விரிந்ததையும் தீவு சுருங்கியதையும் அதில் காணலாம், கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் அந்த முதல் செயற்கைக்கோளின் கண்ணுக்கு நிலத்தில் சுமார் 80 மீட்டர் அகலம் ஒரே புள்ளி. நம் தெரு முழுவதும் சில புள்ளிகளுக்குள் அடங்கிவிடும். சுடுகாட்டுப் பாதை அதில் தெரியவே தெரியாது. மேலிருந்து பார்ப்பவர்க்கு நாம் தெரிவதில்லை என்பது நமக்குப் புதிய செய்தியா? ஆகவே தரையில் நின்றும் படமெடுக்க வேண்டும்.

எவ்வாறு எடுப்பது? எங்கள் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்கிறோம்.

முதலாவது, ஒரே இடத்திலிருந்து மீண்டும் மீண்டும் எடுங்கள். அமெரிக்காவில் 1977-இல் மார்க் கிளெட்டும் அவருடைய தோழர்களும், நூறாண்டுக்கு முன் நில அளவைக்காரர்கள் படமெடுத்த அதே இடங்களைத் தேடிச்சென்று அதே கோணத்தில் மீண்டும் எடுத்தனர். நாமும் ஊருக்குப் பத்து இடங்களைக் குறிப்போம்: ஊருணிக் கரை, சுடுகாட்டுப் பாதை, கண்மாய் மடை, மேய்ச்சல் தரிசு, வள்ளம் இழுக்கும் மணல், உப்பளத்தின் வெளிவரப்பு. நிற்குமிடத்துக்கு அடையாளமாக ஒரு கல்லோ கோயில் திண்ணையோ இருக்கட்டும். மறையாத ஏதேனும் ஒன்று, பனையோ கோபுரமோ மினாராவோ, படத்துக்குள் வரட்டும்.

இரண்டாவது, நாள் குறியுங்கள். ஆண்டுக்கு இருமுறை போதும். ஏப்ரல் 14, அண்ணல் பிறந்த நாள். உப்பு விளையும் கோடை. டிசம்பர் 6, அவர் மறைந்த நாள். மழைநீர் எங்கே நிற்கிறது, எங்கே தடுக்கப்படுகிறது என்று தெரியும் காலம். மாலையிட்டு முடித்த கையோடு பத்துப் படங்களையும் எடுத்துவிடலாம்.

மூன்றாவது, பெயர் எழுதுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, எடுத்தவர், இடம், நேரம், அங்கே முன்பு இருந்ததைச் சொன்ன பெரியவர், அவர் சொன்ன சொல் ஆகியவற்றை அவர் பேசிய நடையிலேயே எழுதுங்கள். நூறாண்டுக்கு முன் அமெரிக்க ஆலைகளில் வேலை செய்த சிறுவர்களைப் படமெடுத்த லூயிஸ் ஹைன் அவர்களின் வயதையும் வேலையையும் குறித்துவைத்தார். படம் இரக்கத்தைத் தூண்டும். குறிப்புத்தான் கேள்வி கேட்கும்.

நான்காவது, இசைவு பெறுங்கள். வேலை செய்யும் தாயின் வெடித்த காலை அவர் அறியாமல் எடுக்காதீர்கள். அவர் பெயரோடு வர விரும்புகிறாரா, முகம் வேண்டாம் என்கிறாரா என்று கேளுங்கள். படம் வெளிவந்தால் கூலி போய்விடும் என்று அவர் அஞ்சினால், அந்த அச்சத்தை மதித்து நிலத்தை மட்டும் எடுங்கள். நம்மைக் காட்சிப்பொருளாக்கிப் பிறர் எடுத்த படங்கள் போதும்.

ஐந்தாவது, மூலத்தைக் காத்திடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருங்கிவிடும். அதனுள் பதிந்திருந்த நாள், இடக் குறிப்புகளும் போய்விடும். கைப்பேசியில் உள்ள மூலப்படத்தை அப்படியே இரண்டு இடங்களில் சேமியுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவு மின்னணுப் பதிவுகளைச் சான்றிதழோடு சாட்சியமாக ஏற்க வழி செய்கிறது. எந்தக் கருவியில், எவர் பொறுப்பில் அப்பதிவு உருவாயிற்று என்பதை அங்கே சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே கருவியையும் கவனமாகப் பாதுகாக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. இவ்வாண்டு நாங்கள் மாணவர் சிலரை உப்பளத்துக்கு அழைத்துச் சென்றோம். விடியற்காலை ஒளியில் பாத்தியெல்லாம் ரோஜா நிறம். ஒரு மாணவி எடுத்த படத்தைக் கண்டு நாங்களே வியந்தோம். அங்கே வேலை செய்த அம்மையார் ஒருவரிடம் அவள் அதைக் காட்டினாள். "நல்லாத்தான் இருக்கு தாயி" என்றார் அவர். சற்று நேரம் பார்த்துவிட்டு, "இந்த மூணாவது பாத்தி இருக்குல்ல, அங்கதான் எங்க அம்மா வீட்டுக் கிணறு இருந்துச்சு" என்று விரலை வைத்தார்.

அந்த மாணவி அந்த இடத்தை மீண்டும் படமெடுத்தாள். இம்முறை அம்மையார் இசைவோடு அவரையும் சேர்த்து, அவர் கை கிணறு இருந்த திசையைக் காட்டும்படி எடுத்தாள். நோட்டில் அவர் பெயரை எழுதினாள். அவர் தாயின் பெயரையும் கேட்டு எழுதினாள். முதற்படம் பரிசுக்குத் தகுந்தது. இரண்டாவது படம் நம் சங்கத்தின் அலமாரிக்கு வந்திருக்கிறது. அதன் பக்கத்தில் அந்தச் சாவு ஊர்வலப் படத்தின் பிரதியும் இருக்கிறது.

இந்த வெள்ளிவிழா ஆண்டில் சங்கம் எங்களுக்கு ஒரு நல்ல அலமாரியும், பூட்டும், நூறு பக்க நோட்டுகள் சிலவும் வழங்குமாறு வேண்டுகிறோம். காமிரா வேண்டா, அது எங்கள் பிள்ளைகளிடம் இருக்கிறது. பொன்விழாக் காணும் நாளில் இம்மேடையில் நிற்கப்போகும் ஆசிரியர்களிடம், பாதை இருந்ததற்கு ஆதாரம் என்ன என்று எவரேனும் கேட்டால், அவர்கள் தகரப் பெட்டியைத் தேடி வீடு வீடாக அலைய வேண்டியதில்லை. அலமாரியைத் திறந்தால் போதும்.